கண் அழுத்தச் சொட்டு மருந்தை எப்படிச் சோதிக்கிறார்கள்? "அழுத்தம் குறைந்தது" என்றால் எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா). ஒரு புதிய சொட்டு மருந்தின் ஆய்வில் சேர விருப்பமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அதற்காக இப்போது போடும் மருந்தை நான்கு வாரம் நிறுத்த வேண்டுமாம். அது ஆபத்தில்லையா? ஆய்வில் என்னதான் செய்வார்கள்? "அழுத்தம் இத்தனை சதவீதம் குறைந்தது" என்று முடிவு வந்தால் அதை எந்த அளவுக்கு நம்புவது?

பதில்:

நான்கு வார நிறுத்தத்தில் இருந்தே தொடங்குகிறேன். ஆய்வுக்கு அழைக்கப்படுபவர்கள் முதலில் தயங்குவது அங்கேதான். தயங்குவதில் தவறும் இல்லை.

ஒரு மருந்து அழுத்தத்தை எவ்வளவு இறக்குகிறது என்று பார்க்க, மருந்தே இல்லாதபோது அந்தக் கண்ணில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். பாட்டிலை மூடி வைத்ததும் பழைய மருந்தின் வேலை நின்றுவிடாது. லட்டனோபிராஸ்ட் முதலான ப்ராஸ்டாகிளாண்டின் வகைக்கும், டிமோலால் முதலான பீட்டா பிளாக்கர் வகைக்கும் நான்கு வாரம் விடுவது வழக்கம். பிரிமோனிடினுக்கு இரண்டு வாரம். டோர்சோலமைடு வகைக்கு ஐந்து நாள் போதும். இதைக் குறைத்தால், பழைய மருந்தின் மிச்சத்தோடு சேர்த்துத்தான் தொடக்க அளவு பதிவாகும். பிறகு அந்த மிச்சம் தேயத் தேய அழுத்தம் ஏறும், புதிய மருந்து அதை இறக்கும், கடைசியில் எது எவ்வளவு செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆபத்து உண்டா என்றால், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆரம்ப நிலையில் இருக்கும் கண் சில வாரம் பழைய அழுத்தத்துக்குத் திரும்புவதால் பார்வை நரம்புக்குப் பெரிய சேதம் வர வாய்ப்புக் குறைவு; இந்த நோய் ஆண்டுக் கணக்கில் நகர்வது. பார்வைப் புலம் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) ஏற்கெனவே மையத்துக்கு அருகில் வரை சுருங்கிவிட்டவர்களுக்கு அந்த வாதம் பொருந்தாது. ஒழுங்கான எந்த ஆய்விலும் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். கண்ணின் வடிகால் கோணம் மூடிக்கொள்ளும் வகை நோய் உள்ளவர்களையும் பொதுவாக விலக்கிவிடுவார்கள். இடைவெளியின் நடுவில் ஒருமுறை அழைத்து அழுத்தம் பார்ப்பார்கள். சில ஆய்வுகளில் முதல் சில வாரத்துக்குச் சீக்கிரம் விலகக்கூடிய வேறொரு சொட்டை இடைக்கால மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. எந்த எண்ணைத் தாண்டினால் ஆளை ஆய்விலிருந்து வெளியே எடுத்துச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஆய்வுக்குள் போகலாம். வெளியில் இருப்பவர்களுக்கு இது எளிய வேலையாகத் தோன்றும்: மருந்துக்கு முன் அழுத்தம் பார், மருந்துக்குப் பின் பார், கழி. ஆனால் கண் அழுத்தம் மிக எளிதாக ஏமாற்றும் எண். ஆய்வு விதிகளில் முக்கால்வாசி, அந்த எண் நம்மை ஏமாற்றாமல் இருக்கப் போடும் வேலிதான்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வரை சுரந்துகொண்டே இருக்கிறது. அதில் பெரும்பகுதி கருவிழியின் விளிம்பில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாகவும், மீதி தசை இழைகளுக்கு நடுவிலும் வடிகிறது. சுரப்புக்கும் வடிதலுக்கும் உள்ள சமநிலைதான் அழுத்தம். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பார்கள். டிமோலால், டோர்சோலமைடு இரண்டும் சுரப்பைக் குறைக்கும். ப்ராஸ்டாகிளாண்டின்கள் வடிகாலை, முக்கியமாக அந்த இரண்டாவது வழியை, அகலமாக்கும். நெட்டார்சுடில் என்ற பிந்தைய மருந்து சல்லடைத் திசுவிலேயே நேரடியாக வேலை செய்யும்.

இந்த அழுத்தத்தை வழக்கமான பரிசோதனையில் உள்ளே போய் அளக்க முடியாது. வெளியிலிருந்து கார்னியாவை, அதாவது கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த உறையை, அழுத்தித்தான் ஊகிக்க வேண்டும். இன்றும் ஆய்வுகளில் உரைகல்லாக இருப்பது 1950களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் வடிவமைத்த டோனோமீட்டர் என்ற அழுத்தமானிதான். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு ஒன்று, மஞ்சள் சாயம் ஒன்று. நீல விளக்கொளியில் ஒரு சிறு பிரிசம் மெதுவாக வந்து கார்னியாவைத் தொடும். பார்ப்பவருக்கு மேலும் கீழுமாகப் பச்சையாய் ஒளிரும் இரண்டு அரைவட்டங்கள் தெரியும். பக்கவாட்டில் உள்ள திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் இரண்டும் நகர்ந்து, உள்விளிம்போடு உள்விளிம்பு தொடும் ஒரு நிலை வரும். 3.06 மி.மீ. விட்டமுள்ள வட்டம் தட்டையாகிவிட்டது என்று பொருள். அப்போது திருகு காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அழுத்தம்.

கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் சாயம் அதிகமானால் வளையம் தடித்து எண் ஏறும், குறைந்தால் இறங்கும். நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஏறும். சட்டைக் கழுத்து இறுக்கமாக இருந்தால் ஏறும். பயந்து இமையைச் சுருக்கினால் ஏறும். இதையெல்லாம்விட வில்லங்கம் பிடித்தது அளப்பவரின் மனது. "இவர் புது மருந்து போடுகிறவர், 18 வந்திருக்கும்" என்று உள்ளுக்குள் நினைத்தாலே கை 18-இல் நின்றுவிடும். அதனால் நல்ல ஆய்வுகளில் இந்த ஒரு எண்ணுக்கு இரண்டு பேர். ஒருவர் கண்ணைப் பார்த்துத் திருகைத் திருப்புவார், எண்ணைப் பார்க்க மாட்டார். வளையங்கள் தொட்டதும் மற்றவர் எண்ணைப் படித்து எழுதிவிட்டு, திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் விடுவார். மறுபடியும் முதலில் இருந்து. இரண்டு அளவுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை அளந்து, நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் அம்மாவை ஆய்வில் சேர்த்த பிறகு அழுத்தம் பார்க்கும்போது பக்கத்தில் இன்னொருவர் நோட்டுடன் நின்றால், அந்த மையத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்துக்கொள்ளலாம்.

கார்னியாவின் தடிமனும் ஒரு சங்கதி. கோல்ட்மன் கணக்கு சுமார் 520 மைக்ரான் தடிமனை மனத்தில் வைத்துப் போட்டது. தடித்த கார்னியாவில் எண் கூடுதலாகவும், மெல்லியதில் குறைவாகவும் காட்டும். ஒரே ஆளின் முன்பின் ஒப்பீட்டில் இது பெரிதாக இடிக்காது. யாரை ஆய்வில் சேர்ப்பது என்ற இடத்தில் இடிக்கும்: "22-க்கு மேல்" என்று வரம்பு வைத்தால், நோயே இல்லாத தடித்த கார்னியாக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். அதனால் தடிமனையும் அளந்து ஒரு வரம்புக்குள் இருப்பவர்களையே எடுப்பது வழக்கம்.

அடுத்து நேரம். கண் அழுத்தம் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பலருக்குக் காலையில் கூடுதல், மாலையில் குறைவு. முதல் முறை காலை 8 மணிக்கும் அடுத்த முறை மாலை 4 மணிக்கும் அளந்தால், மருந்தே போடாமல் "மருந்து வேலை செய்கிறது" என்று நிரூபித்துவிடலாம். ஆகவே காலை 8, காலை 10, மாலை 4 என்று நேரம் குறித்து, ஒவ்வொரு வருகையிலும் அதே நேரங்களில் அளக்கிறார்கள். இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் என்று மூன்று வருகை இருந்தால் மொத்தம் ஒன்பது அளவுகள். இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 8 மணி அளவு, முந்தின வேளை மருந்தின் வேகம் அடங்கும் நேரம். 10 மணி அளவு, டிமோலால் உச்சத்தில் இருக்கும் நேரம். போட்டு இரண்டு மணி நேரத்தில் அது உச்சம் தொடும். அதனால்தான் வருகை நாளன்று காலைச் சொட்டை வீட்டில் போடாதீர்கள் என்பார்கள். 8 மணிக்கு அளந்த பிறகு அங்கேயே போடுவார்கள். அம்மா பழக்கதோஷத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தால் அன்றைய அளவு முழுக்கக் கெட்டுப்போகும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

பகல் கணக்கு இரவுக்குப் பொருந்தாது என்பதும் பிறகு தெரிய வந்தது. படுத்தால் அழுத்தம் ஏறும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ கிளையில், ஆட்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து, இரவெல்லாம் எழுப்பி எழுப்பி அளந்தார்கள். லட்டனோபிராஸ்ட் இரவிலும் அழுத்தத்தைக் குறைத்தது. டிமோலால் இரவில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. உறங்கும்போது நீர் சுரப்பு தானாகவே பாதியாகிவிடுகிறது. சுரப்பைக் குறைக்கும் மருந்துக்கு அங்கே வேலை மிச்சமில்லை. பகலில் மட்டும் அளந்த பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எனக்குத் தெரிந்த படித்தவர்கள்கூடத் தடுக்கி விழும் இடம் வேறொன்று. ஆய்வில் சேர அழுத்தம் 24-க்கு மேல் இருக்க வேண்டும் என்று வையுங்கள். ஒருவருக்குச் சராசரியாக 22. நாளுக்கு நாள் இரண்டு மூன்று ஏறி இறங்கும். 25 வந்த நாளில் பார்த்தால் சேர்த்துக்கொள்வோம், 20 வந்த நாளில் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். சேர்த்துக்கொண்டவர் அடுத்த முறை வரும்போது பெரும்பாலும் தன் வழக்கமான 22-க்குத் திரும்பியிருப்பார். எந்த மருந்தும் போடாமலேயே 3 மி.மீ. "குறைந்துவிட்டது". உச்சத்தில் இருக்கும்போது ஆளைப் பிடித்தால், அடுத்தது இறக்கம்தான். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் "எங்கள் சொட்டு மருந்தால் ஐம்பது பேருக்கு அழுத்தம் குறைந்தது" என்று யார் சொன்னாலும், அது நவீன மருந்தானாலும் சரி மூலிகைச் சொட்டானாலும் சரி, நான் அந்த எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டு வெவ்வேறு நாட்களில் அளந்து, இரண்டிலும் வரம்பைத் தாண்டியவர்களை மட்டும் சேர்த்தால் இந்தக் கோளாறு குறையும். மறைவது ஒப்பீட்டுக் குழு இருந்தால்தான்.

"ஒரு கண்ணில் போட்டு, மறு கண்ணோடு ஒப்பிடலாமே" என்று தோன்றும். மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் அப்படித்தான் செய்தார்கள். அதில் இரண்டு ஓட்டைகள். டிமோலால் போன்ற மருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மறு கண்ணிலும் கொஞ்சம் அழுத்தத்தைக் குறைக்கும். அடுத்து, இரண்டு கண்ணும் ஜோடி போட்டு ஏறி இறங்கும் என்ற நம்பிக்கை, அளந்து பார்த்தபோது அவ்வளவாகத் தேறவில்லை. அதோடு, இரண்டு கண்ணையும் தனித்தனி ஆட்களாக எண்ணிப் புள்ளி விவரத்தை ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. பெரும்பாலான ஆய்வுகளில் இரண்டு கண்ணுக்கும் மருந்து உண்டு, கணக்கில் வருவது ஒன்றுதான். பெரும்பாலும் தொடக்கத்தில் அழுத்தம் கூடுதலாக இருந்த கண்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுப்பது? வெறும் திரவம் கொடுத்தால் கணக்கு எளிது. ஆனால் குறைக்க மருந்து இருக்கிறது என்று தெரிந்தே ஒருவரை மாதக்கணக்கில் வெறும் திரவத்தில் விடுவது பெரும்பாலும் நியாயமில்லை. அதனால் பெரும்பாலான இறுதிக் கட்ட ஆய்வுகளில் எதிரணி டிமோலால் 0.5 சதவீதம், நாளுக்கு இருமுறை. 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லோருக்கும் நன்கு தெரிந்த மருந்து. இப்போது லட்டனோபிராஸ்டையும் எதிரணியாக வைக்கிறார்கள். புதிய மருந்து இரவில் ஒருமுறை என்றால், அந்தக் குழுவினருக்குக் காலை வேளைக்கு மருந்தில்லாத சொட்டு ஒன்று தருவார்கள். இரண்டு அணியும் நாளுக்கு இருமுறை சொட்டுப் போட்டால்தான் யார் எந்த அணி என்பது தெரியாது.

எதிரணி நல்ல மருந்தாக இருக்கும்போது கேள்வியே மாறிவிடுகிறது. "இது சிறந்ததா?" என்று கேட்பதில்லை; "இது அதைவிடக் குறிப்பிடும்படி மோசமில்லையே?" என்று கேட்கிறார்கள். மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. முன் வைக்கப்படும் வழக்கமான அளவுகோல் இப்படி: இரு மருந்துகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியின் (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வரம்பின்) மேல் எல்லை, எல்லா நேர அளவுகளிலும் 1.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒன்பது அளவுகளில் ஒன்று தவறினாலும் தோல்விதான். இதற்கு எத்தனை பேர் வேண்டும்? ஆளுக்கு ஆள் உள்ள விலகல் 3.5 மி.மீ. என்று கொண்டால், ஒரே ஒரு நேர அளவில் 1.5 என்ற எல்லையை 90 சதவீத வாய்ப்போடு நிறுவவே அணிக்குச் சுமார் 115 பேர் தேவை. எல்லையை 1 ஆக்கினால் 250-ஐத் தாண்டிவிடும். ஒன்பது நேரங்களும் சேர்ந்தால் இன்னும் கூடும். இருபது முப்பது பேரை வைத்து "இரண்டு மருந்தும் சமம்" என்று முடிவு கட்டும் கட்டுரைகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வேறுபாட்டைக் காட்டும் வலு இல்லாதவை, அவ்வளவுதான். வேறுபாடு தென்படவில்லை என்பதால் சமம் ஆகிவிடாது.

இந்த விதிகளோடு ஒரு மருந்து பட்ட பாட்டைப் பார்த்தால் விஷயம் நன்றாகப் புரியும். நெட்டார்சுடிலின் முதல் பெரிய ஆய்வுக்கு ராக்கெட் 1 என்று பெயர். தொடக்க அழுத்தம் 27-க்குக் கீழே உள்ளவர்களைச் சேர்த்து டிமோலாலோடு மோதவிட்டார்கள். நிர்ணயித்த எல்லையை அது எட்டவில்லை, ஆய்வு தோல்வி. தரவைப் பிரித்துப் பார்த்தபோது, தொடக்க அழுத்தம் 25-க்குக் கீழே இருந்தவர்களில் அது டிமோலாலுக்குக் குறைந்ததாக இல்லை. அப்போது ராக்கெட் 2 நடந்துகொண்டிருந்தது. யார் எந்த மருந்தில் என்ற ரகசியத்தைத் திறக்கும் முன்பே, அதன் முதன்மைக் குழுவை 25-க்குக் கீழ் என்று மாற்றினார்கள். அது தேறியது. 2017 டிசம்பரில் அனுமதியும் கிடைத்தது.

இதை "கோல் கம்பத்தை நகர்த்தினார்கள்" என்று கேலி செய்பவர்கள் உண்டு. நான் முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். தோற்ற ஆய்வின் தரவிலிருந்து ஒரு துண்டை மட்டும் காட்டி வென்றதாகச் சொல்லியிருந்தால் அது மோசடிக்கு அருகில். அந்தத் துண்டை ஒரு ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவு தெரியாத இன்னொரு ஆய்வில் சோதித்தது சரியான வழி. மருந்தியல் காரணமும் இருக்கிறது: அழுத்தம் கூடக்கூட டிமோலாலின் இறக்கமும் கூடும், நெட்டார்சுடிலின் இறக்கம் தொடக்க அளவு எதுவானாலும் ஏறக்குறைய அதே. ஆனால் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "டிமோலாலுக்கு நிகர்" என்ற வாசகம் அங்கே எல்லா நோயாளிகளுக்கும் சொன்னதல்ல.

அதே மருந்தைப் போட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கண் சிவந்தது. யார் எந்த மருந்து என்று தெரியக்கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிறோம். கண் சிவந்து வந்தால் பார்த்ததும் பாதி தெரிந்துவிடுகிறது. இதற்கு முழுத் தீர்வு இல்லை. சிவப்பை மதிப்பிடுபவர் ஒருவர், அழுத்தம் அளப்பவர் வேறொருவர் என்று பிரிக்கலாம். எண்ணைப் படிப்பவரைக் கண்ணையே பார்க்காத இடத்தில் நிறுத்தலாம். திருகை ஒருவரும் எண்ணை ஒருவரும் என்று வைத்ததன் அருமை இங்கேதான் தெரியும்.

விலங்குச் சோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு சுவையான கதை. ப்ராஸ்டாகிளாண்டின் என்றாலே கண்ணில் வீக்கத்தைக் கிளப்பி அழுத்தத்தை ஏற்றும் பொருள் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள்; முயல்களில் பெரிய அளவில் கொடுத்தபோது அப்படித்தான் நடந்தது. 1977-இல் கார்ல் காம்ராஸ், லாஸ்லோ பீட்டோ குழுவினர், குறைந்த அளவில் கொடுத்தால் அழுத்தம் இறங்குகிறது என்று காட்டினார்கள். அந்தப் பாதையில் வந்ததுதான் லட்டனோபிராஸ்ட். 1996-இல் அமெரிக்காவில் அனுமதி. வேடிக்கை என்னவென்றால், லட்டனோபிராஸ்ட் பூனையில் அழுத்தத்தைக் குறைப்பதில்லை, முயலில் அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. குரங்கிலும் மனிதரிலும் நன்றாக வேலை செய்கிறது. அந்த இரண்டு பிராணிகளை மட்டும் நம்பியிருந்தால் உலகில் மிக அதிகமாக எழுதப்படும் கண் அழுத்த மருந்தைத் தூக்கிப் போட்டிருப்போம். மனிதர்களில் அளவைத் தேடும் கட்டத்திலும் ஒரு திருப்பம்: நாளுக்கு இருமுறை போட்டால் ஒருமுறை போடுவதைவிடக் குறைவாகவே இறங்கியது. "இன்னொரு சொட்டு போட்டால் நல்லதுதானே" என்று அம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பக்க விளைவுகளில் சிலவற்றை மூன்று மாதமோ ஓராண்டோ நடக்கும் ஆய்வு பிடிக்கும்: சிவப்பு, எரிச்சல், அலர்ஜி. லட்டனோபிராஸ்ட் ஆய்வுகளிலேயே பச்சையும் பழுப்பும் கலந்த கருவிழிகள் நிரந்தரமாகக் கருமையாவது தெரிந்துவிட்டது. இமை முடி நீண்டு வளர்வதும் தெரிந்தது. அதே வகையைச் சேர்ந்த பிமட்டோபிராஸ்டுக்கு, இமை முடி வளர்ப்பதற்காகவே 2008-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மெதுவாக வருபவை ஆய்வில் தப்பிவிடும். ப்ராஸ்டாகிளாண்டின்கள் இமையைச் சுற்றியுள்ள கொழுப்பைக் கரைத்துக் கண்ணைக் குழி விழச் செய்யும் என்பது சந்தைக்கு வந்து பல ஆண்டு கழித்துத்தான் பதிவானது. டிமோலால் விற்பனைக்கு வந்த பிறகுதான், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கலாம் என்பது வெளியே தெரிந்தது. ஆய்வில் ஆஸ்துமாக்காரர்களை விலக்கிவிட்டு ஆரோக்கியமானவர்களிடம் மட்டும் பார்த்தால், வெளியுலகில் நடக்கப்போவது எப்படித் தெரியும்?

இதுவரை பேசியது எல்லாம் அழுத்தம். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது பார்வை. அழுத்தம் குறைந்தால் பார்வை காப்பாற்றப்படுமா? இந்தக் கேள்விக்குச் சுத்தமான பதில் வர வெட்கப்படும் அளவுக்குத் தாமதமாயிற்று. அழுத்தம் கூடுதலாக இருந்தும் நரம்பு கெடாத 1,636 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது: ஐந்தாண்டில் மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. அதே ஆண்டு சுவீடனில் இருந்து வந்த ஆய்வில், ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு லேசரும் பீட்டாக்ஸோலால் சொட்டும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றியவர்கள் 45 சதவீதம், கொடுக்காதபோது 62. இரண்டிலும் வெறும் திரவச் சொட்டுக் குழு கிடையாது.

சொட்டு மருந்து மட்டும், எதிரே வெறும் திரவம் மட்டும் என்று பார்வையையே அளவுகோலாக வைத்து நடந்தது பிரிட்டனின் ஆய்வு. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 516 பேர், 10 மருத்துவமனைகள், 24 மாதம், லட்டனோபிராஸ்டுக்கு எதிரே மருந்தில்லாத சொட்டு. பார்வைப் புலம் மோசமானவர்கள் மருந்துக் குழுவில் 15.2 சதவீதம், வெறும் சொட்டுக் குழுவில் 25.6 சதவீதம். அழுத்தம் குறைந்தது முறையே 3.8 மி.மீ., 0.9 மி.மீ. அந்த 0.9-ஐக் கவனியுங்கள்: மருந்தே இல்லாத சொட்டுக்கும் இறக்கம் வந்திருக்கிறது. ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்று மேலே வாதிட்டது இதனால்தான். இன்னொன்றும் தெரிகிறது: மருந்து போட்டும் இரண்டே ஆண்டில் நூற்றில் பதினைந்து பேருக்கு மோசமாயிற்று. சொட்டு வேகத்தைக் குறைக்கிறது, நிறுத்திவிடுவதாக உறுதி இல்லை.

அழுத்த எண் ஒன்றாகவே இருந்தும் பார்வை வேறாகப் போன ஆய்வும் உண்டு. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடும் வகையினரிடம் பிரிமோனிடினையும் டிமோலாலையும் ஒப்பிட்டார்கள், 2011-இல் வெளிவந்தது. இரண்டும் அழுத்தத்தைக் குறைத்த அளவு ஏறக்குறைய சமம். பார்வைப் புலம் மோசமானது பிரிமோனிடின் அணியில் 9.1 சதவீதம், டிமோலால் அணியில் 39.2. பிரிமோனிடின் நரம்பையே காக்கிறதா, டிமோலால் ரத்த ஓட்டத்தைக் கெடுத்ததா என்று இன்றும் வாதம் ஓடுகிறது. எனக்கு இதில் அரை நம்பிக்கைதான். பிரிமோனிடின் அணியில் நான்கில் ஒருவருக்கு மேல் மருந்தின் பக்க விளைவுகளால் விலகிவிட்டார்கள். விலகியவர்கள் இருந்திருந்தால் கணக்கு எப்படி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், இரண்டு சொட்டுகள் அழுத்தத்தில் சமம் என்பதால் பார்வையிலும் சமம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ப்ராஸ்டாகிளாண்டின்கள் 25 முதல் 33 சதவீதம், டிமோலால் 20 முதல் 25, டோர்சோலமைடு சொட்டு 15 முதல் 20 என்று படிப்பீர்கள். இவையெல்லாம் அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களிடம் வந்த எண்கள். தொடக்கமே 16 உள்ளவருக்கு அந்தச் சதவீதத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முடிவைப் படிக்கும்போது தொடக்க அழுத்தம் எவ்வளவு, எந்த நேரத்தில் அளந்தது, எதிரணியில் எது, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்ற நான்கும் இல்லாமல் சதவீதம் மட்டும் இருந்தால் அது விளம்பரம்.

ஆய்வில் வருவதும் வீட்டில் வருவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வில் பாட்டிலை எடைபோட்டுப் பார்ப்பார்கள், தொலைபேசியில் நினைவூட்டுவார்கள். வீட்டில் சொட்டு கன்னத்தில் வழியும், பாட்டில் மாத முடிவுக்கு முன்பே தீரும், ஒருநாள் மறந்துபோகும். ஒரு சொட்டின் அளவு கண் தாங்கும் அளவை எட்டிவிடும், பல பாட்டில்களில் அதையும் தாண்டும். அதனால் இரண்டு சொட்டுப் போடுவது வீண். போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தத்தில் கலப்பது குறையும். இரண்டு வேறு மருந்துகள் என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நோய் ஆரம்ப நிலை, இரண்டு கண்ணிலும் பார்வை நன்றாக இருக்கிறது, வருகைகளுக்கு அழைத்துப்போக ஆள் இருக்கிறது என்றால், சேர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; சாதாரணச் சிகிச்சையில் கிடைப்பதைவிட அடிக்கடி பரிசோதனை கிடைக்கும். ஒரு கண்ணில் மட்டுமே பார்வை இருக்கிறது, அல்லது புலம் மையம் வரை சுருங்கிவிட்டது என்றால் வேண்டாம் என்பேன். ஆஸ்துமா, மிக மெதுவான இதயத் துடிப்பு, இதய அடைப்பு (ஹார்ட் பிளாக்) வகைக் கோளாறு ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; எதிரணி டிமோலாலாக இருக்கலாம், எந்த அணி என்று அவருக்கே தெரியாது. கையெழுத்திடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: நிறுத்தும் வாரங்களில் நடுவில் எந்த நாளில் அழுத்தம் பார்ப்பீர்கள், எந்த எண்ணில் ஆய்வை விட்டு எடுப்பீர்கள், ஆய்வு முடிந்ததும் பழைய மருந்துக்கே திரும்புவோமா, பக்க விளைவு வந்தால் சிகிச்சை யார் பொறுப்பு, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தில் எழுதியிருக்கிறதா. இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் சேர வேண்டாம்.

நிறுத்தியிருக்கும் நாட்களில் கண் வலி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், திடீர் மங்கல் எது வந்தாலும் அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் அன்றே போய் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை, சேர்வது என்று முடிவு செய்துவிட்டாலும்கூட, ஆய்வுக் குழு தேதி குறித்துச் சொல்லாமல் இப்போதைய சொட்டை அவராக நிறுத்த வேண்டாம்.